நீ தேர்ந்தெடுத்த ஸ்கோப்

நேற்று அலமாரியின் மேல்தட்டைத் துடைக்க ஸ்டூல் போட்டு ஏறினேன். பழைய கம்பளித் தொப்பிக்குள் கனமாக ஏதோ உருண்டது. எடுத்துப் பார்த்தால், குறிபார்க்க உன் துப்பாக்கியின் மேல் நீ மாட்டியிருந்த ஸ்கோப். கண் வைத்துப் பார்க்கும் பக்கத்து ரப்பர் வளையத்தில் உன் கண்மை இன்னும் லேசாக ஒட்டியிருக்கிறது. காட்டுப்பன்றி சுடப் போகும்போதும் மை தீட்டிக்கொண்டு போன பெண் இந்த மலாக்கா மாநிலத்திலேயே நீ ஒருத்தியாகத்தான் இருந்திருப்பாய்.

துப்பாக்கி இப்போது வீட்டில் இல்லை. நீ போன பிறகு போலீஸ்காரர்கள் வந்து எடுத்துப் போனார்கள். லைசென்ஸ் உன் பெயரில் இருந்தது, அதைத் தொடக்கூட எனக்கு உரிமை இல்லை. நோய் முற்றிய மாதங்களில் நீயே ஸ்கோப்பைக் கழற்றி எடுத்து வைத்திருந்தாய் போலும். எனக்குத் தெரியாது. ஸ்டூலிலிருந்து இறங்காமல் அப்படியே நின்று, அதைக் கண்ணில் வைத்து, ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டு ரம்புத்தான் மரத்தைப் பார்த்தேன். இலை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது.

நம் பெம்பான் ஊருக்குப் பின்னால் உன் அப்பா விட்டுப் போன நிலத்தில் நீதான் பாடுபட்டாய். நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். மண்வெட்டி பிடித்தால் மறுநாள் ஸ்டியரிங் பிடிக்க முடியாது. சர்க்கரைவள்ளிக் கிழங்கு முற்றுகிற சமயம் பார்த்துச் பாமாயில் எடுக்கும் செம்பனைக் காட்டிலிருந்து பன்றிகள் இறங்கும். ஒரே இரவில் உழுது போட்டதுபோல் கிண்டிவிட்டுப் போய்விடும். உன் அப்பா வைத்திருந்த துப்பாக்கியை உன் பெயருக்கு மாற்றக் கேட்டு ஸ்டேஷனுக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி உன்னைப் பார்க்கவே இல்லை. "சுடப் போறது அபாங்தானே?" என்று, அண்ணன் முறை வைத்து, மலாயில் என்னைக் கேட்டார். தீபாவளிப் பட்டாசுக்கே காதைப் பொத்திக்கொள்கிற என்னை! நீ நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "சாயா, துவான்" என்றாய். நான்தான் ஐயா. இரண்டே சொல். அவர் நிமிர்ந்து பார்த்தார். காரை ஓட்டி வந்ததைத் தவிர வேறு வேலை இல்லாத நான் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

பகலில் நீ நன்றாகவே சுட்டாய். ஆனால் பன்றிகள் பகலில் வருமா? இருட்டுகிற நேரத்தில் வெறும் கண்ணுக்குப் புதரும் பன்றியும் ஒன்றுபோலத்தான் இருந்தன. பக்கத்து நிலத்து மணியம் அண்ணன், அவரும் லைசென்ஸ் உள்ளவர், தன்னுடைய ஸ்கோப்பைக் கொடுத்து, "மாட்டிப் பாரு தங்கச்சி, நல்லா கிட்டக்கக் காட்டும்" என்றார். காட்டியது. முதல் வெடியிலேயே துப்பாக்கி பின்னால் உதைத்து, ஸ்கோப்பின் விளிம்பு உன் புருவத்தைப் பிளந்தது.

கிளினிக்கில் தையல் போட்டதெல்லாம் பெரிதல்ல. அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் நான் பட்ட பாடு இருக்கிறதே! வீங்கிய கண்ணும் கட்டுமாக நீ பக்கத்தில் நின்று பாடுகிறாய். சுற்றியிருந்த பெண்கள் எல்லாரும் என்னையே முறைக்கிறார்கள். பூசை முடிந்ததும் ஃபாதர் என்னைத் தனியாக அழைத்து, "வீட்ல எல்லாம் நல்லாதான போகுது?" என்று கேட்டார். நான் பதில் தேடுவதற்குள் பின்னாலிருந்து உன் குரல், கோவில் முழுக்கக் கேட்கும்படி. "ஃபாதர், இவரு கொசுவக்கூட அடிக்க மாட்டாரு லா. துப்பாக்கி ஒதைச்சிருச்சு!" அன்றிலிருந்து நீ சுடுகிறவள் என்பது ஊரறிந்த செய்தியாயிற்று.

தையல் பிரித்த வாரம் மலாக்கா டவுனுக்குப் போனோம். தூண்டிலும் கூடாரமும் டார்ச்லைட்டும் விற்கிற கடை. அங்கிருந்த சீன இளைஞன் நல்ல பையன், ஆனால் அவனும் என்னைப் பார்த்துத்தான் "போஸ், போஸ்" என்று முதலாளியாக்கிப் பேசினான். முதலில் இருட்டிலும் உடம்புச் சூட்டைப் பிடித்துக் காட்டும் கருவியை எடுத்து வைத்தான். அதன் விலைக்கு நம் காரைப் போல இன்னொன்று வாங்கிவிடலாம். நீ மெல்ல அதைத் தள்ளி வைத்தாய். அடுத்து ஒரு பெட்டி, மேலே முயல் படம். வெளிநாட்டில் ராத்திரியில் முயல் சுடுகிறவர்கள் இதைத்தான் வாங்குகிறார்கள், விலையும் குறைவு, எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் பக்கத்தில் கொண்டுவந்து காட்டும் என்றான்.

"பெம்பான்ல ஏதுங்க முயலு? வளக்கிறவன் வீட்ல இருந்தாத்தான் உண்டு" என்று என் காதில் சொல்லிச் சிரித்தாய். ஆனாலும் அதை வாங்கிக் கண்ணில் வைத்தாய். அந்தப் பையன் உன்னை வாசல் பக்கம், வெயிலில் நிற்கும் கார்களைப் பார்க்கச் சொன்னான். நீ எதிர்ப்பக்கம் திரும்பி, கடையின் உள்ளே, மாடிப்படிக்கு அடியில் அட்டைப்பெட்டிகள் குவிந்து கிடந்த இருட்டு மூலையைப் பார்த்தாய். உதட்டைப் பிதுக்கினாய். உருவத்தைப் பெரிதாக்கப் பெரிதாக்க அந்த மூலை இன்னும் இருண்டுபோனது. கண்ணைக் கொஞ்சம் நகர்த்தினாலே படம் காணாமல் போனது.

பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டச் சொன்னாய். எல்லாவற்றையும் அதே மூலைக்குத்தான் திருப்பினாய். புருவம் பட்ட பாடு மறக்குமா? தலையை ஒரு சாண் பின்னால் வைத்துக்கொண்டும் முழுப் படமும் தெரிகிறதா என்று பார்த்தாய். எனக்குக் கால் வலித்தது. கடைசியில், முன்பக்கக் கண்ணாடி அகலமாக இருந்த, அதிகம் பெரிதாக்காத, யாரும் கேட்காததால் தூசி படிந்திருந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டாய். "அந்தப் பொட்டில எழுதியிருக்கிறதுகூடத் தெரியுதுங்க" என்றாய். துப்பாக்கி உதையைத் தாங்குமா என்று மூன்று தடவை கேட்டுவிட்டுத்தான் வாங்கினாய்.

வெளியே வந்ததும் நான், "முயல் படம் போட்டதே இன்னும் மலிவா இருந்துச்சே" என்றேன். நீ சொன்னாய்: "பெருசாத் தெரிஞ்சு என்னாங்க பண்றது? அது என்னன்னு தெரியணும்."

புது ஸ்கோப்போடு காவலுக்குப் போன அந்தச் சாயங்காலத்தை நான் யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. கேட்பவர்கள் அவசரப்படுகிறார்கள். உனக்குத்தான் அவசரமில்லை.

அதற்கு முந்தின வாரம் மணியம் அண்ணனின் சோளம் மொத்தமும் பன்றிக்குப் போயிருந்தது. கொதித்துப்போய் இருந்தார். நாம் மூவரும் வரப்பில் காத்திருந்தோம். தூறல் விட்டு வானத்தில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. டார்ச் அடித்தால் பன்றி ஓடிவிடும் என்று யாரும் அடிக்கவில்லை. அந்தக் கோடியில், வாய்க்கால் ஓரப் புல்லுக்குள், கறுப்பாக ஒரு முதுகு அசைந்தது. குனிந்து எதையோ பிடுங்குகிறது, நகர்கிறது, மறுபடி குனிகிறது. எனக்கும் பன்றியாகத்தான் தெரிந்தது.

"சுடு தங்கச்சி" என்றார் மணியம் அண்ணன். நீ துப்பாக்கியை உயர்த்திப் பார்த்தாய். பார்த்துக்கொண்டே இருந்தாய்.

"ஓடிரப் போவுது. சுடு லா!"

"அண்ணே, பேசாம இருங்க."

"நீ சுடலன்னா நான் சுடறேன்" என்று அவர் தன் துப்பாக்கியைத் தூக்கினார். நீ திரும்பக்கூட இல்லை. இடது கையை நீட்டி அவர் துப்பாக்கிக் குழலை மண்ணைப் பார்க்க அழுத்தினாய். "குதிகால் தெரியுதுண்ணே. வெள்ளையா, மனுசக் குதிகால்."

உன் துப்பாக்கியை மடக்கித் தோட்டாவை வெளியே எடுத்து என் கையில் வைத்தாய். பிறகு கத்தினாய். முதல் சத்தத்துக்கு அந்த முதுகு திரும்பவில்லை. நான் டார்ச்சை அடித்துக்கொண்டு ஓடினேன். கறுப்பு மழைச்சட்டை போட்ட ஒரு பையன் எழுந்து நின்றான். பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்யும் இந்தோனேசியப் பையன். வேலை முடிந்து, சமைப்பதற்குக் காட்டுக்கீரை பறிக்க வந்தவன். காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இயர்போனைப் பிடுங்கிய பிறகுதான் நம் சத்தமே அவனுக்குக் கேட்டது.

நீ அவனைத் திட்டிய திட்டு! மலாயில் தொடங்கி, சொல் பற்றாமல் தமிழுக்கு வந்து, மறுபடி மலாய்க்குப் போனாய். "மாஃப், காக், மாஃப்" என்று அக்காவிடம் மன்னிப்புக் கேட்டபடி அவன் கீரைக் கட்டை உன்னிடம் நீட்டினான். நீ வாங்கவில்லை. என் டார்ச்சைப் பிடுங்கி அவன் கையில் திணித்து, "போ, வீட்டுக்குப் போ" என்று அனுப்பிவிட்டாய்.

காருக்குள் வந்ததும் உன்னால் பெல்ட்டைப் போட முடியவில்லை. நான் சாய்ந்து போட்டுவிட்டேன். "என்னாங்க, நான் விசையில வெரல வைக்கவே இல்ல" என்றாய். "பாத்தேன்" என்றேன். வீடு வரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தாய். நானும் அதே பதிலைச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை மணியம் அண்ணன் வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. வாசலிலேயே நின்று, "தங்கச்சி, நான் சுட்டிருப்பேன்" என்றார். நீ கோப்பி கலக்கிக் கொண்டுவந்து கொடுத்தாய். பாதி குடித்த பிறகுதான், நாம் ஸ்கோப் வாங்கிய கடை எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

பயந்து நீ விட்டுவிடுவாய் என்று நினைத்தேன். இரண்டு வாரத்தில் அதே வரப்பில் பெரிய ஆண் பன்றி ஒன்றை ஒரே வெடியில் சாய்த்தாய். அதன் பிறகு சுற்றுவட்டத்தில் யார் காவலுக்குப் போனாலும், துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் அத்தனை பேரும், "அக்கா மொதல்ல பாக்கட்டும்" என்று ஒதுங்கி நின்றார்கள். நீ பார்த்துச் சொன்ன பிறகுதான் யாரும் சுடுவார்கள். பின்னால் நின்று நான் அதைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் எனக்கு மார்பு எப்படி விம்மும் என்பதை உன்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் "சும்மா இருங்க லா" என்றிருப்பாய்.

போன வாரம் ஜாசினில் பஸ்ஸுக்கு டயர் மாற்றக் கொடுத்துவிட்டுக் கோப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தேன். மேசையில் புதிதாக ஒருவர். "அண்ணே பேரு?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கடைக்காரர் அங்கிருந்தே, "பெம்பான் துப்பாக்கியம்மா இருந்தாங்கள்ல, அவுங்க வீட்டுக்காரரு" என்றார். வந்தவர் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

என் பெயர் என்ன என்று அவர் மறுபடி கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.