சந்தைக்குப் போன தொப்பிக்காரன்

மரியே வாழ்க

செவ்வாய்ப்பேட்டை, சேலம்
21-2-1966

என் மதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய ஆரோக்கியத்தின் அப்பாவுக்கு, தெரசம்மாள் எழுதுவது. மாதாவின் தயவால் நானும் என் அம்மாவும் மகள் ஆரோக்கியமும் சுகம். நாக்பூரில் உங்கள் உடம்பும் நீங்கள் ஓட்டும் லாரியும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறோம்.

உங்கள் கார்டு வந்தது. வழக்கம்போல 'நலம், நலமறிய ஆவல்' என்று இரண்டே வரி. மீதி இடத்தைத் தபால்காரருக்கா விட்டு வைக்கிறீர்கள்? ஆரோக்கியம் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அப்பா ஏன் எப்போது வருவேன் என்று எழுதுவதே இல்லை என்று கேட்டாள். லாரிக்காரர்களுக்கு நேரம் இருக்காது என்று சொல்லி வைத்தேன். வகுப்பில் கணக்கில் மட்டும் தடுமாறுகிறாள். பனமரத்துப்பட்டி ஏரி வற்றிப்போனதால் குழாய்த் தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒரு தடவைதான். அரிசிக்கும் வரிசையில்தான் நிற்கிறோம்.

இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டுக் கோபப்படக்கூடாது. நேற்று சினிமாவுக்குப் போனேன். புதன்கிழமை சாம்பல் பூசிவிட்டால் தவக்காலம் முடிந்து பாஸ்குத் திருநாள் வரும் வரை நாம் கொட்டகைப் பக்கம் தலைவைக்க முடியாது. அதனால் பக்கத்து வீட்டு மயிலம்மாளின் மகள் சௌந்திரம், டெலிபோன் ஆபீசில் வேலை பார்க்கிறாளே, அவள் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். தம்பி தோமினிக் போன பிறகு நான் சினிமாவே பார்க்கவில்லை. ஆனால் சுவரொட்டியைப் பார்த்ததும் கால் தானாக நின்றுவிட்டது. அதே தொப்பி, அதே கிணறு. கல்யாணமான புதிதில் நாம் பார்த்தோமே அந்த இங்கிலீஷ் குதிரைப் படம், அதைத்தான் கலரில் மறுபடி எடுத்திருக்கிறார்கள்.

உங்களுக்கு நினைவிருக்கும். பெஞ்சு டிக்கெட் எடுத்தால் என்னைப் பெண்கள் பக்கம் அனுப்பிவிடுவார்கள் என்று நாற்காலி டிக்கெட் எடுத்தீர்கள். ஏற்காட்டில் எஸ்டேட் துரைக்குக் கார் ஓட்டியவர் என்பதால் உங்களுக்கு இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு என்று நம்பி, முழுக் கதையையும் உங்கள் வாயாலேயே கேட்டேன். பின்வரிசைக்காரர்கள்கூட, 'அண்ணா, இன்னுங் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க' என்றார்கள். விதவைப் பெண்ணின் கிணற்றை அவளுடைய பங்காளி பறிக்கப் பார்க்கிறான், மணியக்காரரும் அவனுக்கு உடந்தை, வழிப்போக்கனாக வந்த தொப்பிக்காரன் அவளுக்காகச் சண்டை போடுகிறான் என்றீர்கள்.

நேற்று சௌந்திரம் சொல்லச் சொல்ல எனக்குத் தலை சுற்றியது. அவன் பங்காளியே இல்லையாம், ரயில் ரோடு போடும் கண்டிராக்டராம். மணியக்காரர் என்றீர்களே, அவர் மிருக வைத்தியராம்! 'அண்ணனுக்கு இங்கிலீஷே தெரியாதாக்கா?' என்று சிரித்தாள். எஸ், நோ, ரிவர்ஸ் மூன்றும் நன்றாகத் தெரியும் என்று உங்களை விட்டுக்கொடுக்காமல் சொன்னேன்.

கலர் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய படம்தான் படம். பழைய தொப்பிக்காரன் தூக்கம் கெட்டவனைப்போல் இருந்தான், அவன் குதிரை நம் ஜங்ஷன் ஜட்காக் குதிரையைப்போல் இளைத்திருந்தது. அவர்கள் கஷ்டப்பட்டவர்கள் என்று பார்த்ததும் தெரிந்தது. புதியவனுக்குக் குதிரையிலிருந்து விழுந்தாலும் கிராப்பு கலைவதில்லை. அந்தப் பெண் உதட்டுச் சாயத்தோடு தண்ணீர் சேந்துகிறாள். முன்பு துப்பாக்கி மூன்று தடவைதான் வெடித்தது, ஒவ்வொன்றுக்கும் நான் உங்கள் கையைப் பிடித்தேன். இப்போது தீபாவளிதான். முன்பு ரத்தம் கறுப்பாகத் தெரிந்தது, ஏதோ மைக்கறை என்று இருந்துவிட்டேன். நேற்று அது சிவப்பாக இருந்ததும் முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டேன். யார் நினைவு வந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசிக் காட்சி மட்டும் இரண்டிலும் ஒன்றேதான். தொப்பிக்காரன் மூட்டையைக் கட்டிக் குதிரையில் வைத்துப் புறப்படுகிறான், முதுகு மட்டும் தெரிகிறது. அன்றைக்கு, எங்கே போகிறான் என்று கேட்டதற்கு, 'சந்தைக்குப் போறான் தெரசு, பொழுதெறங்கக்குள்ள ஊட்டுக்கு வந்துருவான்' என்றீர்கள். சந்தைக்கு ஏன் மூட்டை என்றேன். தூரத்துச் சந்தை என்றீர்கள். நானும் நம்பிச் சந்தோஷமாக எழுந்து வந்தேன். பன்னிரண்டு வருஷம் நம்பினேன்.

நேற்றும் சௌந்திரத்திடம், சந்தைக்குத்தானே என்றேன். 'இல்லக்கா, அவன் வரவே மாட்டான். அவனைத் தேடி வந்தவங்கதானே இவ களத்துக்குத் தீ வெச்சாங்க? தன்னாலதான் எல்லாம் போச்சு, இனி இவ மூஞ்சில முழிக்க முடியாதுங்கறான்' என்றாள். கொட்டகையில் விளக்குப் போட்ட பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. எனக்கு அந்தத் தொப்பிக்காரன்மேல் கோபம் வரவில்லை. அந்தப் பெண்மேல்தான் வந்தது. இரண்டு படத்திலும் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கிறாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கூப்பிட்டால் என்ன?

கேட்டுவிட்டேனே தவிர, நான் மட்டும் என்ன செய்தேன்? ஆத்தூர் ரோட்டில் டயர் வெடித்ததற்கு நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கோர்ட்டே சொல்லிவிட்டது. பக்கத்தில் இருந்த என் தம்பி போய், ஓட்டிய நீங்கள் பிழைத்தது உங்கள் குற்றமா? இதை நான் ஒருநாளும் உங்களிடம் சொல்லவில்லை. டிரங்குப் பெட்டியைக் கயிற்றால் கட்டி, 'நாக்பூர்ல வேலை இருக்குதாம், போயிட்டு வாரேன்' என்றபோது அம்மா உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். உங்களைத் தடுத்தால், பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்ன நினைப்பாளோ என்று நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மண்டி முக்கில் நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். நான் பார்த்தேன். கூப்பிடவில்லை. அது என் தப்பு.

போன வெள்ளிக்கிழமை தோமினிக்கின் இரண்டாம் வருஷப் பூசை. பெயர் கொடுக்க அம்மாவே நடந்து வந்தாள். பூசைக்குப் பெயர் எழுதும் கோவில்பிள்ளை சவரியார் நோட்டை விரித்ததும், 'ரெண்டு பூசை எழுதுங்க. செத்தவன் ஆத்துமத்துக்கு ஒண்ணு, எம் மருமவன் ராயப்பன் சுகமா ஊடு வந்து சேர ஒண்ணு' என்றாள். வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து உங்கள் சாப்பாட்டுத் தட்டை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்து வைத்தாள். இன்றும் அது அடுப்பங்கரையில்தான் இருக்கிறது.

படம் எடுத்தவர்கள் எப்படி வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளட்டும். எனக்கு நீங்கள் சொன்ன கதைதான் கதை. பாஸ்குக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. வண்டியை நிதானமாக ஓட்டுங்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள், மாதா உங்கள் கூடவே வரட்டும். அன்று வாசலில் நின்று கூப்பிடாததை இதோ இன்று கூப்பிடுகிறேன். ஏனுங்க, சந்தை கலைஞ்சு ரெண்டு வருசமாச்சுங்க. பொழுதும் எறங்கிருச்சு. ஊட்டுக்கு வாங்க.

உங்கள் தட்டருகே காத்திருக்கும்,
தெரசம்மாள்