முதல் ஆறு மணி நேரம்

அன்புள்ள குட்டிக்கு,

அக்கா எழுதுவது. நலம் என்று ஆரம்பித்தால் மறுபடியும் என்னைப் பொய்க்காரி என்பாய். போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தைக் கிழிப்பதானாலும் ஒரு தடவை படித்துவிட்டுத்தான் கிழிப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா.

என் வயிற்றுக் கட்டி ஆபரேஷன் முடிந்த அன்று மத்தியானம் உன்னைக் கூப்பிட்டு, துளிகூட வலியில்லை என்று சொன்னது நான்தான். அதை நம்பித்தான், இரண்டு வருஷமாகத் தள்ளிப்போட்ட உன் கட்டிக்கு நீயும் தேதி வாங்கினாய். அப்புறம் உன் அத்தான், நான் துடித்த துடிப்பை உன்னிடம் உளறிவைக்க, மறுநாளே ரத்து செய்துவிட்டாய். அந்த மனுஷனுக்கு வாயில் ஒன்றும் நிற்காது.

நான் சொன்னதும் பொய்யில்லை, அவர் சொன்னதும் பொய்யில்லை. என் வயிற்றைக் கிழிக்கவில்லை, நான்கு துளை போட்டார்கள். ஒவ்வொன்றும் சட்டைப் பித்தான் ஓட்டை அளவுதான். அந்த இடங்களில் மரத்துப்போகிற மருந்தை ஊசியால் ஏற்றிவிடுகிறார்கள். ஆறு மணி நேரம் தாங்கும். நான் கண் விழித்தபோது அது வேலை செய்துகொண்டிருந்தது. நான் என்னவோ என் உடம்புதான் கெட்டி என்று நினைத்துவிட்டேன். வலிக்காதவளுக்கு எதற்கு என்று, நர்ஸ் கொடுத்த வலி மாத்திரைகளைத் தலையணைக்கடியில் செருகினேன். அதோடு விட்டேனா? நாற்காலியில் மாட்டியிருந்த நர்ஸம்மாவின் கோட்டில் கீழ்மடிப்பு பிரிந்து தொங்கியது. துணி திருத்தும் கடையில் பதினாறு வருஷம் உட்கார்ந்தவள் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாளா? கேட்டு வாங்கி, குனிந்து உட்கார்ந்து தைத்தேன். தைத்துக்கொண்டேதான் உன்னிடம் அளந்தேன். பக்கத்துக் கட்டில்காரி வாயைப் பிளந்து பார்த்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சாயங்காலம் மரத்த மருந்தின் வேகம் இறங்கியது. வயிற்றுக்குள் கையை விட்டு முறுக்குவதுபோல் இருந்தது. அதைவிட மோசம் தோள்பட்டை. ஆபரேஷனின்போது வயிற்றை உப்பவைக்க ஏற்றிய வாயு அங்கே வந்து வலிக்குமாம். இருமினால் உயிர் போயிற்று. அவ்வளவு பீற்றிவிட்டு மாத்திரை கேட்க வெட்கம், பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். கடைசியில் நர்ஸம்மாவே தலையணையைத் தூக்கிப் பார்த்தாள். "வலி வந்தப்புறம் போட்டா, மாத்திரை அது பின்னாடி ஓடணும்மா. மணி பாத்து முன்னாடியே போடணும்" என்றாள். அடங்குவதற்கு மறுநாள் ஆகிவிட்டது.

அதனால் கேட்டுக்கொள். மரத்திருக்கும்போதே முதல் மாத்திரை. வலிக்கிறதோ இல்லையோ, அவர்கள் சொல்லும் நேரத்துக்கு அடுத்தது. இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள். மெல்ல எழுந்து நட, தோள்வலி விடும். காய்ச்சல் வந்தாலோ, வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குச் சொல். மற்றபடி மூன்று நான்கு நாள் கஷ்டம்தான். வலிக்காது என்று இனிமேல் சொல்லமாட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை பரிசோதனை முடிவு வந்தது. என்னுடையது நல்ல கட்டி இல்லையாம், குட்டி. பரவியும் இருக்கிறதாம். கடையில் வேலை அதிகம் என்று ஒன்றரை வருஷம் ஓட்டினேனே, அதற்குள். கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று டாக்டரம்மா கேட்டார். ஒரு தங்கை, அவளுக்கும் கட்டி, வலிக்குப் பயந்து வரமாட்டேன் என்கிறாள் என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இந்த மாசமே வரச் சொல்லுங்க" என்றார். உன் அத்தான் அப்போது மருந்து வாங்கப் போயிருந்தார். அவரிடம் இன்னும் முழுதும் சொல்லவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. என்னைப் பற்றியும்தான், ஆனால் உன்னைப் பற்றித்தான் அதிகம். உன்னுடையது அப்படித்தான் இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. பார்த்தால்தானே தெரியும்?

என்மேல் கோபமிருந்தால் திட்டிக்கொண்டே வா. உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து மாத்திரைக்கு மணி பார்க்க நான் இருக்கிறேன். தேதியை மட்டும் தள்ளி வாங்காதே. நான் உட்காரும் நிலையில் இருக்கும்போதே வாங்கு.

என் ஆயுசையும் சேர்த்து நீ இருக்க வேண்டும்.

உன் அக்கா