சாயாமல் இருக்க ஒரு மன்றாட்டு

ஞாயிறு, இரவு.

இன்று மாதா கோயில் பூசையில் விசுவாசிகள் மன்றாட்டு வாசிப்பது என் முறை. சூடான் உள்நாட்டுப் போர் நிற்க வேண்டி நானே ஒன்று எழுதிக்கொண்டு போனேன். இரு தரப்பும் ஆயுதங்களைக் கீழே போடவும், மற்ற நாடுகள் எந்தப் பக்கமும் சாயாமல் இருக்கவும் என்று வாசித்தேன். "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று எல்லாரும் சொன்னார்கள். ஸ்டெல்லா அக்கா மட்டும் வாய் திறக்கவில்லை.

அக்கா இலங்கை, வவுனியாக்காரர். எங்கள் எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் வாழ்க்கைப்பட்டு வந்தவர். ஏலக்காய் ஸ்டோரில் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் காய் தரம் பிரிப்பார். கோயிலிலிருந்து இறங்கி வரும்போது ஏன் என்று கேட்டேன்.

"எங்க சண்டையிலயும் அப்படித்தான் ஒதுங்கி நின்னாங்க, மேரி. ஒதுங்குனா ரெண்டு பக்கத்துக்கும் சமம்னு நெனப்பு. கையில ஆயுதம் நெறைய வச்சிருந்தவனுக்குத்தான் அது தோதாப் போச்சு. சண்டைக்குள்ள மாட்டியிருந்த என் தம்பி கடைசியா போன்ல கேட்டது, காப்பாத்த வெளிநாட்டுக் கப்பல் ஏதும் வருதாமான்னுதான்."

எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. "வந்திருந்தா மட்டும் சாவு நின்னிருக்குமாக்கா?"

"முன்னாடி ஒருக்கா அமைதிப்படைன்னு வந்தாங்க. அப்பவும்தான் செத்தோம்." என் கையிலிருந்த மன்றாட்டுத் தாளைக் காட்டினார். "ஆனா யாரும் வரக்கூடாதுன்னு நீ சாமிகிட்ட கேக்காத."

சாயாமல் இருப்பது நல்ல குணம் என்றுதான் எழுதினேன். இப்போது அந்தச் சொல்லை அடித்துவிட்டேன். அதன் இடத்தில் எதை வைப்பதென்று தெரியவில்லை.

எத்தனை வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து காய் பிரிக்கிறோம். அந்தத் தம்பியின் பெயரை நான் கேட்டதே இல்லை.