அந்தோணியின் முழங்கால்கள்

என்றும் என் அன்புக்குரிய ஜெசிந்தா அக்கா,

நம் தம்பி அந்தோணி இன்னும் நடக்கவில்லை. நலம் விசாரித்துவிட்டுச் செய்திக்கு வருவதே முறை என்பதை அறிவேன். ஆனால் நீ இருந்திருந்தால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இதைத்தான் கேட்டிருப்பாய்.

இயன்முறை சிகிச்சைக்கு உன்னிடம் வந்து குணமடைந்தவர்கள் இந்தக் கடிதத்தைப் படிக்கக்கூடும். ஆகையால் நான் நேரில் கண்டதையும் விசாரித்து அறிந்ததையும் மட்டுமே எழுதுகிறேன். சங்கு குளிக்கப் போன அந்தோணி ஆழத்திலிருந்து வேகமாக மேலே வர நேர்ந்தது. இரத்தத்தில் காற்றுக் குமிழ்கள் உண்டாகித் தண்டுவடம் பாதித்தது. இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. மருத்துவமனை உயிரைக் காப்பாற்றியது. கால்களைப் பாதிக்குப் பாதி மீட்டது நீ. முற்றத்தில் நீ பதிக்கச் சொன்ன இரண்டு இரும்புக் குழாய்களுக்கு நடுவே அவன் நடக்கத் தொடங்கியிருந்தான். அந்த நாட்களில்தான் காய்ச்சல் என்று படுத்த நீ எழுந்திருக்கவில்லை.

உன் அடக்கம் முடிந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தவன், உட்கார்ந்தே இருந்தான். தொடையின் பின்பக்கத் தசைகள் சுருங்குகின்றன, முழங்கால்கள் மடங்கிய நிலையிலேயே இறுகுகின்றன என்றார் மருத்துவர். மழைக்காலத்துக்குள் நிமிர்த்தாவிட்டால் பிறகு நிற்கவே வழியில்லாமல் போகலாம் என்றார். ‘போகலாம்’ என்ற சொல்லை நான் கவனித்தேன், அக்கா. அதைப் பிடித்துக்கொண்டுதான் இன்றுவரை இருக்கிறேன்.

எனக்குத் தெரிந்தது வாதாடுவது. வாதாடினேன்.

“எந்திச்சு நில்லுலே.”

“நின்னு?”

“நடக்கலாம்.”

“நடந்து?”

“ரோஸ்லின், இங்கன வா. வக்கீலுக்குப் பேச்சு தீந்துபோச்சு” என்று தன் மனைவியைக் கூப்பிட்டுச் சிரித்தான் அந்தோணி. அடுப்படியில் அவளும் சிரித்தாள். சற்று நேரத்தில் அது அழுகையாக மாறியது எங்கள் இருவர் காதிலும் விழுந்தது.

நீ ஒருபோதும் வாதாடியதில்லை. மனித உடலின் அசைவைப் படித்தவள் நீ. பார்ப்பதுதான் பாதி வைத்தியம் என்பாய். துறைமுகச் சாலையில் தேநீர் குடித்தபடியே, “அந்தா வாரான் பாரு, கோளாறு இடுப்புல, முழங்காலுக்கு எண்ணெய் தேய்ச்சுக்கிட்டு அலையுதான்” என்பாய். அந்த மனிதர் பிறகு உன்னிடமே வந்து நிற்பார். அந்தோணியிடம் நீ என்ன பார்த்தாய்? அதை ஏன் எனக்குச் சொல்லாமல் போனாய்?

ஒருநாள் நானே அவன் இடுப்பில், பின்னாலிருந்து தாங்கிப் பிடிக்கும் பட்டையைக் கட்டி, நீ காட்டியது போலப் பின்னால் நின்றேன். அவன் கைகள் நாற்காலியை விடவில்லை.

“நீ பின்னால நிக்காதண்ணே.”

“ஏன், நான் விட்டுருவேனா?”

“நான் முங்கிச் செத்தா உனக்கு வீட்டுல எம் பங்கு. மச்சானுக்குப் போறது அவன் தங்கச்சி தாலி. எவன் கையில கயித்தைக் குடுப்பேன், நீயே சொல்லு.”

கேலியாகத்தான் சொன்னான். ஆனால் முத்துக்குளித்த காலந்தொட்டு நம் கரையில் வழங்கும் ஏற்பாடு அது. குளிப்பவனின் கயிற்றைக் கூடப்பிறந்தவன் பிடிப்பதில்லை. மனைவியின் சகோதரன் பிடிப்பான். கம்ப்ரசரும் காற்றுக் குழாயும் வந்த பிறகும் அந்தோணிக்குப் படகில் இருந்தது ரோஸ்லினின் அண்ணன் சேவியர்தான். நீ நடக்கவைத்தபோதும் பட்டையைப் பிடித்து நின்றவன் அவனே. அவனுக்கு உடம்பில் பலம் அதிகம், அதனால் அழைத்தாய் என்றே அதுவரை நான் எண்ணியிருந்தேன்.

அந்தச் சேவியர் உன் அடக்கத்துக்குப் பிறகு வீட்டுப்பக்கமே வரவில்லை. மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய் அவனைக் கண்டேன்.

“என்னால முடியாது அத்தான். காத்துக்குழா சிக்கிட்டுன்னு கயித்தை ஆட்டினான், இழுத்தேன். இழுக்கலன்னா அங்கனயே போயிருப்பான். இழுத்ததுல இப்படி ஆயிட்டான். அக்கா இருக்கையில அக்கா முகத்தைப் பாத்துக்கிட்டே பட்டையைப் பிடிச்சிருவேன். இப்ப அவன் முதுகைல்லா பாக்கணும்.”

அவன் மேல் குற்றமில்லை என்பதற்கு என்னிடம் நல்ல வாதங்கள் இருந்தன. ஒன்றையும் எடுக்கவில்லை. மீன் கூடைகளுக்கு நடுவே கைகூப்பி நின்றேன். “வக்கீலய்யா, ஏலம் நடக்கு, கொஞ்சம் தள்ளி நின்னு கும்பிடும்” என்றார் ஏலக்காரர். நான் நகரவில்லை. எனக்குக் கேட்பதற்கு வேறு இடம் இல்லை, அக்கா.

ஞாயிறு பூசை முடிந்து சேவியர் வந்தான். அந்தோணி அவனை ஏற இறங்கப் பார்த்தான்.

“வந்துட்டியாலே. இந்தத் தடவை மெதுவாத் தூக்கு.”

சேவியரின் முகம் செத்துப்போயிற்று. “மூடிக்கிட்டு எந்திரிலே” என்றான். அவன் இடுப்பில் பட்டையைக் கட்டிப் பின்னால் நின்று பிடித்தான். அந்தோணி நாற்காலியிலிருந்து கைகளை எடுத்துக் குழாய்களைப் பற்றினான்.

எழுந்தான். அதை நின்றான் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. முழங்கால்கள் நிமிரவில்லை. குதிகால்கள் தரையைத் தொடவில்லை. கால்கள் தாமாகவே உதற, முன்விரல்களில் தொங்கிக்கொண்டிருந்தான். ரோஸ்லின் குனிந்து குதிகாலுக்கும் தரைக்கும் நடுவே தன் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். கை தாராளமாக நுழைந்தது. அதற்குள் அவனை உட்காரவைக்க வேண்டியதாயிற்று.

“அக்கா இருந்தா இப்ப முழங்காலை அமுக்கி நிமித்தச் சொல்லுவாளா, விடச் சொல்லுவாளா?” என்று கேட்டான் அந்தோணி.

எங்கள் மூவருக்கும் தெரியவில்லை. நீ இல்லை என்பது எனக்கு முழுவதுமாக விளங்கியது அந்தக் கேள்வியில்தான்.

உன்னிடம் தொழில் பழகிய பெண் இப்போது பக்கத்துப் புதுக்கோட்டையிலிருந்து வாரம் ஒருமுறை வருகிறாள். எங்கே கை வைப்பது, எந்த வலியில் நிறுத்துவது என்று காட்டிவிட்டுப் போகிறாள். மற்ற நாட்களில் அந்தக் காலை நீட்டிப் பிடிப்பவை என் கைகள்; காகிதத்தைத் தவிர வேறொன்றையும் கனமாகத் தூக்கியறியாத கைகள். நிமிரும் என்று அவளும் சொல்லவில்லை. கேட்கும்போதெல்லாம் குனிந்து அவன் பாதத்தையே பார்க்கிறாள். மாலைகளில் வடகிழக்கே மேகம் திரளத் தொடங்கிவிட்டது.

எந்தக் கட்சிக்காரருக்கும் வெற்றி நிச்சயம் என்று நான் சொன்னதில்லை. உன்னிடமும் சொல்லமாட்டேன். அந்தோணி நடப்பான் என்று வாக்குக் கொடுக்க என்னால் இயலாது. கொடுக்க இயல்வது இவ்வளவே: மழை வந்தாலும், வந்து முடிந்தாலும், மருத்துவர் ‘போகலாம்’ என்பதை ‘போயிற்று’ என்று திருத்திச் சொன்னாலும், நீதிமன்றம் புறப்படுமுன் ஒவ்வொரு காலையிலும் அவன் கால் என் மடியில் இருக்கும். போதும் என்று அவன் சொல்லலாம். நான் சொல்லமாட்டேன்.

உன் தம்பியும் அந்தோணியின் அண்ணனுமான
பெலிக்ஸ்