முனகும் முன்சக்கரம்

அன்புள்ள நேசராணிக்கு,

பதுளையில் நான் சுகம். திருச்சி வெயிலில் நீயும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்? என் பாஸ்போர்ட் இன்னும் வரவில்லை.

இங்கே ஒரு வேடிக்கை. கராஜ் முதலாளி அலவியின் மூத்த மகன் ஹாலிஎல வளைவில் உருண்டு செத்த காரை, இளையவன் ஷுக்ரி ரேஸுக்குக் கேட்டான். முன்பக்க ஸ்பிரிங், மூட்டில் வரும் ரப்பர் புஷ் எல்லாம் மாற்றினேன். உன் புருஷனின் கெட்டித்தனம், காரை ஜாக்கியில் தூக்கி வைத்தபடியே புஷ்ஷை இறுக்கிவிட்டேன். கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு, அதே வளைவில் ஆள் முனகுவது போலச் சத்தம் போட்டது.

“நானா கூப்பிடுறாரு, நான் ஓட்ட மாட்டேன்” என்று செத்த அண்ணனைச் சொல்லி ஷுக்ரி இறங்கி ஓடிவிட்டான்.

சக்கரத்தைத் தரையில் நிறுத்தி மறுபடி இறுக்கினேன். சத்தம் போய்விட்டது. முதலாளி தனியாக வந்தார்.

“ஏன் மாணிக்கம் நிப்பாட்டின? அதுக்குப் பயந்துதான் சின்னவன் ரேஸ் வேணாங்கிறான். திரும்ப முனக வையி.”

வேலையைக் கெடுப்பது எனக்குக் கைவந்ததுதானே, செய்துகொடுத்தேன். அதிலிருந்து தினமும் என்னை ஓட்டச் சொல்லி, பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். எனக்கும் இப்போது அது ரப்பர் சத்தமாகத் தோன்றவில்லை.

நம் சின்னவளை உன் கடித ஓரத்தில் நாலு வரி எழுதச் சொல். முதலாளி காரில் ஏறிவிட்டார். “இன்னொருக்கா, மாணிக்கம்” என்கிறார்.

மாணிக்கராஜ்