நீர்க்காகத்தின் குடலில் இருந்த புழு

2024 மார்ச் 4, திங்கள்

குளத்தில் வலை போடுகிற லூசியா ஒரு சட்டி கெண்டையோடு எங்கள் மீன்வளக் கந்தோருக்கு வந்தா. எல்லாம் வயிறு ஊதினபடி. ஒன்றைக் கீறினேன் — நாடா மாதிரி வெள்ளைப் புழு, இன்னும் நெளிந்தது. மீனில் நஞ்சாம் என்று ஊரில் ஒருவரும் வாங்குவதில்லையாம்.

பதினொரு வருசமாக அந்தக் குளத்துக்குப் போகிற மீன்வள உத்தியோகத்தர் நான். லூசியா கேட்டது, "பஹ்மிதா பிள்ளை இல்லையோ?" பஹ்மிதா வேலைக்கு வந்து நாலு மாதம்.

மார்ச் 6

கந்தோரில் எல்லாருக்கும் முன்னால் பஹ்மிதா விளக்கினாள். பறவையின் எச்சத்தோடு புழுவின் முட்டை தண்ணீரில் விழும். பொரித்து வருவதைக் கண்ணுக்குப் பிடிபடாத நீர்ப்பூச்சி தின்னும், பூச்சியை மீன் தின்னும். மீனின் வயிற்றில் புழு நீளும். அந்த மீனைப் பறவை விழுங்கினால், பறவையின் குடலில் சில நாளில் முட்டையிடும். பிறகு மறுபடி எச்சம். குடலை எடுத்துவிட்டு மீனைச் சமைக்கலாம்.

எங்கள் மேலதிகாரி இராசேந்திரம் ஐயா, "பறவையில புழுவைக் காட்டுங்கோ, நஞ்சில்லை, விக்கலாம் எண்டு கடிதம் தாறன்" என்றார். அவளைப் பார்த்துத்தான் சொன்னார். நான் பக்கத்துக் கதிரையில்.

மார்ச் 8

குளக்கட்டில் ஒரு நீர்க்காகம் செத்துக் கிடந்தது. தனியாக இருந்து வெட்டினேன். குடலில் அதே புழு. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் முட்டைகள், நிறைய. போத்தலில் போட்டு, திகதி எழுதி, அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

ஏன் பூட்டினேன்?

மார்ச் 11

"அக்கா, பறவை ஏதும் கிடைச்சதோ?" என்று பஹ்மிதா கேட்டாள். இல்லை என்றேன்.

மார்ச் 14

லூசியா மீனைக் குழி வெட்டித் தாட்டா. "பிள்ளையளுக்கு என்னத்தைக் குடுக்க?" எண்டு கேட்டா. பஹ்மிதா நோன்போட, வெயிலுக்குள்ள, கட்டு முழுக்கப் பறவை தேடி நடக்கிறாள். அது என்ரை அலுமாரியில கிடக்கு. எரிச்சல்தான், வேறொண்டுமில்லை. அவள் படிச்சிருக்கிறாள், எல்லாருக்கும் அவளைப் பிடிக்குது — அதுக்கு லூசியா என்ன செய்தவ?

மார்ச் 15

போத்தலை அவளின் மேசையில் வைத்தேன். திகதியை வாசித்தாள்.

"ஏனக்கா?"

"உம்மில எரிச்சல்," எண்டன்.

அவள் நுணுக்குக்காட்டியைத் துடைக்கத் தொடங்கினாள்.

மார்ச் 21

கடிதம் கிடைத்துவிட்டது. லூசியா குடல் எடுத்த மீனைச் சந்தையில் விற்கிறா. இன்று மீன்பிடிச் சங்கக் கூட்டம். பறவையில் புழுவைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டார்கள். போத்தலில் இருந்த திகதியைப் பற்றி பஹ்மிதா இதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை.

"பஹ்மிதா," என்றேன் நான்.

எல்லாரும் கை தட்டினார்கள். வயிறு எரிந்தது. நானும் தட்டினேன்.