விழுந்த இடத்தில் கண்

சேற்றுச் சப்பாத்தோடு வீட்டுக்குள் வந்து அக்காவிடம் ஏச்சு வாங்கியே வயிறு நிறைந்த என் மச்சான் குணத்துக்கு,

வருகிற சனிக்கிழமை மறுபடியும் சதுப்புக்குப் போகிறோம். நாங்கள் என்றால் நானும் உன் அக்கா சரசுவும் உன் நாய் விதானையும். நீயும்தான் வருகிறாய். உன் அக்காவின் மடியில் வருகிறாய். பெல்ட் போடத் தேவையில்லை.

ஐந்தாம் வகுப்போடு எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மனக்கசப்பு. அதனால் இதில் பிழை இருக்கும். கண்டுபிடித்தால் வாயை மூடிக்கொண்டிரு. உயிரோடு இருந்தபோது உன்னால் என்னைத் திருத்த முடியவில்லை, இப்போது மட்டும் என்ன கிழிக்கப் போகிறாய்?

முதல் நாள் நினைவிருக்கிறதா? நீ லண்டனுக்கு வந்து எங்கள் நோர்பரி வீட்டு மேல் அறையில் இருந்த காலம். லூயிஷாமில் பெற்றோல் ஸ்டேஷனில் கண்ணாடிக்குப் பின்னால் நின்று காசு வாங்குவாய். ஆர்தர் என்கிற கிழவன் வான் கொண்டுவந்து நிறுத்துவான். பின்னால் ஒரு கறுப்பு லாப்ரடோர் நாய் தலையை நீட்டும். நீ கல்லாவை விட்டுவிட்டு வெளியே போய் நாயோடு தமிழில் கதைப்பாய். நாய்க்கு விளங்கியது. ஆர்தருக்குத்தான் விளங்கவில்லை. அதனால் உன்னைத் தாரா வேட்டைக்குக் கூப்பிட்டான், சதுப்பில் நீர்ப்பறவை சுடுவதற்கு. நீ தனியாகப் போகப் பயந்து என்னையும் இழுத்துக்கொண்டு போனாய்.

கென்ட் கரையோரச் சதுப்பு. விடிந்தும் விடியாத நேரம், நாணலுக்குள் மூன்று பேரும் குந்தியிருக்கிறோம். தாரா கூட்டமொன்று தலைக்கு மேல் வந்தது. ஆர்தர் ஒன்றும் சொல்லாமல் எழும்பிச் சுட்டான்.

அவன் திரும்பிப் பார்க்கும்போது நாங்கள் இரண்டு பேரும் சேற்றில் குப்புறக் கிடந்தோம். யாரும் சொல்லித்தரவில்லை. உடம்பே போய் விழுந்துவிட்டது. அவனுடைய நாய் வாயில் தாராவோடு வந்து எங்கள் மேல் நின்றது, அடுத்ததாக இதில் எதைத் தூக்குவது என்று யோசிக்கிற மாதிரி. ஆர்தர் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு நீ இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு கிடப்பதைக் கண்டான். சிரிப்பு நின்றுவிட்டது.

நீதான் முதலில் கண் திறந்தாய்.

"எழும்புங்கோ அத்தான். இவையள் சுடுறது தாராவுக்கு. எங்களுக்கில்லை."

"தாராவுக்கும் எனக்கும் இவனுக்கு வித்தியாசம் தெரியுமோ?"

"நீங்கள் கொஞ்சம் கொழுப்பு. தெரியும்."

அன்றிலிருந்து ஆர்தர் ஒவ்வொரு முறையும் சுடுவதற்கு முன் எங்கள் பக்கம் திரும்பி மெல்ல "ரெடி?" என்று கேட்பான். அந்த இடைவெளியில் பாதித் தாரா தப்பிப் போகும். அவனுடைய கூட்டாளிகள் பல்லைக் கடிப்பார்கள். அவன் கேட்பதை நிறுத்தவே இல்லை.

உனக்கும் துவக்குச் சுடப் பழக்கித் தருகிறேன் என்றான். "துவக்கு வேண்டாம். நாய் மட்டும் காணும்" என்று நீ சொன்னதை நான்தான் என் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அடுத்த ஈற்றில் ஒரு குட்டியைக் கொண்டுவந்து உன் கையில் வைத்தான். அந்தக் குட்டிப் பயல் நெஞ்சை நிமிர்த்தி, வளவு அளக்க வந்த ஊர் அதிகாரி விதானையார் மாதிரி எங்கள் ஹோலை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கம்பளத்தில் மூத்திரம் பெய்தான். விதானை என்ற பெயரை நான் வைத்தேன். ஏச்சு முழுவதையும் நீ வாங்கினாய்.

அவனை நீ வளர்த்த விதத்தை ஆர்தர் இன்றைக்கும் சொல்வான். பறவையைக் கடித்துக் குதறாமல் மெத்தென்று தூக்கிவர வேண்டும் என்று உன் அக்கா வாங்கிவைத்த முட்டையை அவன் வாயில் வைத்துப் பழக்கினாய். "இரு." "எடுத்துக்கொண்டு வா." "விடு." மூன்றே கட்டளை, எல்லாம் தமிழ். கடைசியில் ஒரு கீறல் இல்லாமல் முட்டையை என் கையில் விட்டான். அதைச் சரசு பொரித்து எனக்கே தந்தாள். அதே முட்டை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

எனக்கும் ஒரு வேலை தந்தாய். மங்கல் வெளிச்சத்தில் சுட்டால் பறவை எங்கேயோ நாணலுக்குள் விழும். நாய் எல்லாவற்றையும் கண்டிருக்காது. ஒரு மனிதன் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

"விழுந்த இடத்திலை கண்ணை வையுங்கோ அத்தான். சுட்டவனைப் பாக்காதேங்கோ, நாயைப் பாக்காதேங்கோ. கண்ணை எடுத்தால் அது துலைஞ்சுது."

"வேறை ஒண்டும் செய்யத் தேவையில்லையோ?"

"உங்களாலை வேறை என்ன ஏலும்?"

ஒருநாள் நான் கண்ணை எடுத்துவிட்டேன். அன்றைக்கு விழுந்த தாராவைத் தேடி நீயும் விதானையும் ஓடை ஓடையாக அலைந்தீர்கள். கடல் ஏறிக்கொண்டு வந்தது. ஆர்தர் கரையில் நின்று கத்தினான். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு நீ சொன்னாய், "எங்கடை ஆக்கள் எத்தினை பேர் விழுந்த இடம் தெரியாமல் கிடக்கினம். இதொண்டையாவது…" மீதியை விட்டு மறுபடி நாணலை விலக்கினாய். தாரா கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு நான் ஒருநாளும் கண்ணை எடுத்ததில்லை.

கூஸ் என்று ஆர்தர் சொல்லும் பெரிய வாத்துகளையும் சொல்லவேண்டும். கடல் பக்கத்திலிருந்து நீள வரிசையாக, சந்தைக்குப் போகிற பெண்கள் மாதிரி ஓயாமல் பேசிக்கொண்டு வரும். அதில் ஒரு சின்னக் கறுத்த சாதியைக் கண்டால் ஆர்தர் துவக்கைத் தாழ்த்திவிடுவான். அதைச் சுடச் சட்டம் விடாதாம். "அதுக்கு விசா இருக்கு மச்சான்" என்றேன். நீ அவ்வளவு சிரித்தாய், வந்த கூட்டம் முழுக்க வேறு பக்கம் திரும்பிப் போய்விட்டது. சிரித்து முடிந்ததும் கமலாவை நினைத்தாய். எனக்குத் தெரிந்தது. நீ கல்யாணம் கட்டிச் சில மாதத்திலேயே ஊரில் விட்டுவந்த பெண். இந்த வாத்துகள் உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ பனிக்காலத்துக்குப் பறந்து வருகின்றன, போகின்றன. யாழ்ப்பாணத்திலிருந்து ஒருத்தி வர ஏலவில்லை.

அவளைக் கூப்பிடப் பேப்பர் சரிவந்த கிழமைதான் நீ போனாய். லூயிஷாம் சந்தையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டு நின்றவன் அப்படியே சரிந்தாயாம். மனிதன் துவக்குக்குத் தப்பி, கடலுக்குத் தப்பி, குளிருக்குத் தப்பி, வெங்காயத்தடியில் விழுவானா? பகிடிக்கும் ஒரு அளவில்லையா மச்சான்?

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு உன் சாம்பலைக் கரைக்க எங்கே போவது என்று பெரியவர்கள் ஆளுக்கொரு ஆறு சொன்னார்கள். சரசு ஒரே சொல்லாக, "அவன்ரை தாராக்கடலுக்குக் கொண்டு போவம்" என்றாள். ஒரு சின்ன மண்முட்டியில் உன்னைப் போட்டு வாயை வெள்ளைத் துணியால் கட்டினோம். ஐயர் குடுமிக்கு மேல் கம்பளித் தொப்பியோடு எங்கள் காரில் வந்தார். ஆர்தரும் வந்தான். விதானை அதுவரை சரியாகச் சாப்பிடாமல் கதவடியிலேயே கிடந்தான். "அவனும் வரட்டும். எங்களைவிட அவனுக்குத்தான் கூட உரிமை" என்றாள் சரசு.

அதுதான் நாங்கள் விட்ட பிழை. வேட்டைநாயை இந்தக் காரியத்துக்குக் கொண்டுபோகிற ஆட்கள் உலகத்தில் வேறு யாராவது இருப்பார்களா?

ஐயர் சொல்லித்தந்தார். "தண்ணிக்கு முதுகைக் காட்டி நில்லுங்கோ. தோளுக்கு மேலாலை விட்டிட்டு நடவுங்கோ. ஆரும் திரும்பிப் பாக்கக் கூடாது. பாத்தால் போறவருக்குக் கால் எழும்பாது."

நான் விட்டேன். தொப்பென்று சத்தம் கேட்டது. நடந்தோம். நாங்கள் கும்பிடுவதைப் பார்த்து ஆர்தரும் மரியாதைக்கு இரண்டு கையையும் கூப்பினான். கூப்பின கையில் நாயின் வார் எப்படி நிற்கும்?

பின்னால் இரண்டாவது தொப்.

ஒருவரும் திரும்பவில்லை. திரும்பக் கூடாதே! தண்ணீர் சளசளக்கிறது. நாணல் முறிகிறது. ஒரு நாய் உடம்பை உதறுகிறது. நாங்கள் பட்டாளம் மாதிரி நேராகப் பார்த்தபடி நடக்கிறோம். ஐயர் தேவாரத்தைப் பலமாகத் தொடங்கினார். விதானை எங்களைச் சுற்றி ஓடிவந்து எனக்கு முன்னால் நின்று, நீ பழக்கியபடி குந்தியிருந்து, தலையை நிமிர்த்தினான். துணிமுடிச்சு அவன் வாயில். முட்டி கீழே தொங்குகிறது. ஒரு கீறல் இல்லை.

"சிவ சிவா!" என்றார் ஐயர்.

"விடு" என்றேன். என் கையில் விட்டான். வாலை ஆட்டி என் முகத்தைப் பார்த்தான். நல்ல பிள்ளை என்று அவனுக்குச் சொல்ல வேண்டுமா, வேண்டாமா? நீயே சொல்லு.

முதலில் சிரித்தது உன் அக்கா. அழுதுகொண்டே சிரித்தாள். இன்னொரு தரம் விடச் சொன்னார் ஐயர். அவள் என் கையிலிருந்து முட்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஏலாது ஐயா. திரும்பி வந்த பிள்ளையை இன்னொருக்கா எறிய என்னாலை ஏலாது."

அப்படி நீ வீட்டுக்கு வந்தாய். பின்வளவுக் கொட்டிலில் உன் சப்பாத்துக்குப் பக்கத்தில் வைத்தோம். குளிர் தொடங்கினால் உன் அக்கா முட்டிக்கு உன்னுடைய தொப்பியைப் போட்டுவிடுவாள். "உவனுக்கு இனி என்ன தடிமனோ வரப்போகுது?" என்று கேட்டேன். அன்றைக்கு எனக்குச் சோறு கிடைக்கவில்லை.

சண்டையில் பாதை பூட்டிக் கிடந்ததால் கமலாவுக்குச் செய்தி போய், அவள் கொழும்புக்கு வந்து எங்களுக்குப் போன் எடுக்க ஒரு வருஷத்துக்கு மேலாயிற்று. நாய் செய்த வேலையைச் சொன்னேன். இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு, "வைச்சிருங்கோ அண்ணை. விதானை சரியாத்தான் செய்திருக்கிறான். நான் வந்து என்ரை கையாலை விடுறன்" என்றாள். அதற்குப் பிறகு கொட்டிலைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு ஒரு காரியம் இருக்கிற மாதிரி இருந்தது. அவள் வருவாள், சதுப்பைக் காட்டுவேன், ஆர்தர் "ரெடி?" என்று கேட்பான் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

ஆனால் கூப்பிட்ட புருஷன் செத்தபிறகு யார் விசா தருவார்? நான் ஏறாத விசாக் கந்தோர் இல்லை. வக்கீல் ஒருவர் அன்பாகத்தான் சொன்னார், வழி இல்லை என்று. கமலா கொழும்பில் ஒரு அறையில் தாயோடு வருஷக்கணக்காகக் காத்திருந்தாள். போன மாதம் போன் எடுத்தாள்.

"அண்ணை, அம்மாவுக்கு ஏலாது. ஊருக்குத் திரும்பிப் போறம். இனி நான் வரமாட்டன். அவரை நீங்களே விட்டிடுங்கோ."

"கொஞ்சம் பொறு பிள்ளை, இன்னொருக்காக் கேட்டுப் பாப்பம்."

"காணும் அண்ணை. அவரும் எவ்வளவு நாளைக்கு அந்தக் கொட்டிலுக்கை இருப்பார்?"

எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை. முதல் முறையாக.

ஆர்தர் முழங்கால் போய்த் துவக்கை விற்றுவிட்டான். விதானைக்கு வாய் நரைத்து, காதும் கேட்காது. உன் மூன்று கட்டளையும் அவனுக்குள் எங்கேயாவது கிடக்கும், எட்டிச் சொல்ல வழியில்லை. நேற்றுச் சரசு அவன் காதைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"இஞ்சாருங்கோ, சனிக்கிழமை இவன் பாய்ஞ்சிட்டானெண்டால்?"

"சோபாவிலை ஏறவே நான்தான் பின்பக்கத்தைத் தூக்கிவிடுறன். இவன் எங்கை பாயிறது?"

"பாய்ஞ்சால்… கொண்டு வந்திடுவம் என்ன?"

பாயமாட்டான் என்று அவளுக்கும் தெரியும். தெரிந்தும் அதைக் கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

இந்த முறை ஐயர் இல்லை. அவர் சொன்னதை நான் மறக்கவில்லை, திரும்பிப் பார்த்தால் உனக்குக் கால் எழும்பாது என்று. மன்னித்துக்கொள் மச்சான். நீ எனக்குத் தந்தது ஒரே ஒரு வேலை, அதை என்னால் விட ஏலாது. தண்ணிக்கு முதுகு காட்டமாட்டேன். முன்னாலேயே விடுவேன். சரசு அழுவாள், அவளைப் பார்க்கமாட்டேன். விதானை முனகுவான், அவனைப் பார்க்கமாட்டேன். வெள்ளைத் துணி தாழ்ந்து, தண்ணீர் மூடி, அந்த இடம் மற்ற இடங்கள் மாதிரி ஆகும்வரை கண்ணை எடுக்கமாட்டேன். அதற்குப் பிறகும் கொஞ்சநேரம் பார்ப்பேன்.

கமலா என்றைக்காவது வந்து எங்கே என்று கேட்டால் கையை நீட்டிக் காட்ட ஒரு ஆள் வேண்டுமே. வரமாட்டாள். ஆனாலும் பார்த்து வைக்கிறேன். நீ விழுந்த இடம் ஒருவனுக்காவது தெரியும்.

உன் அக்காவின் புருஷன், உன் கண்,
யோகன் அத்தான்
நோர்பரி